பிரிட்டிஷ் பிரபுக் குடும்பங்களின் கொடிவழி தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பியர், பாரனெட், நைட் என்கிறார்களே, இதில் யாரெல்லாம் பிரபுக்கள்?

டியூக், மார்க்வெஸ், ஏர்ல், விஸ்கவுண்ட், பாரன். மேலிருந்து கீழே இந்த ஐந்து படியில் இருப்பவர்கள்தான் பியர்கள், அதாவது பிரபுக்கள். பாரனெட் என்பது 1611இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் கஜானாவுக்குப் பணம் சேர்க்க உண்டாக்கிய பட்டம். அப்பாவுக்குப் பின் மகனுக்குப் போகும், ஆனாலும் பியர் கணக்கில் வராது. நைட் பட்டம் அந்த ஆளோடு சரி. அதனால் 'சர்' என்று எங்கே பார்த்தாலும் பாரனெட்டா நைட்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பாரனெட் என்றால் குடும்ப வரலாறு ஏற்கெனவே அச்சில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இன்னொன்று. ஐரோப்பாவின் பல நாடுகளில் பிரபு வீட்டில் பிறந்த பிள்ளைகள் எல்லாருமே பிரபு குலம்தான். பிரிட்டனில் பட்டத்தைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் மட்டுமே பிரபு, அவருடைய தம்பிகள் சட்டப்படி சாமானியர்கள். 7ஆம் மார்ல்பரோ டியூக்கின் பேரன் வின்ஸ்டன் சர்ச்சில், பிளெனிம் அரண்மனையிலேயே பிறந்தவர், அவர்கூட வாழ்நாளின் பெரும்பகுதி வெறும் மிஸ்டர் சர்ச்சில்தான். இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஒரு டியூக் வீட்டுக் கிளை பாதிரியார், ராணுவ அதிகாரி, வக்கீல் என்று கலைந்து அடையாளம் தெரியாமல் போய்விடும். தேடுகிறவர்களுக்குத் தலைவலியும் அங்கேதான், சுவாரசியமும் அங்கேதான்.

பெயருக்கு முன்னால் 'லார்டு' இருந்தால் அவர் பிரபுதானே?

இல்லை. மெட்ராஸ் கவர்னர்களிலேயே இதற்கு உதாரணம் கிடைக்கிறது. 1803 முதல் 1807 வரை இருந்த லார்டு வில்லியம் பென்டிங்க் 3ஆம் போர்ட்லண்ட் டியூக்கின் இரண்டாவது மகன். டியூக், மார்க்வெஸ் ஆகியோரின் இளைய மகன்களை மரியாதைக்காக லார்டு என்று அழைப்பார்கள், அவ்வளவுதான், அவர் பெயரில் பட்டம் எதுவும் கிடையாது. 1886 முதல் 1890 வரை இருந்த லார்டு கன்னிமாரா கதை வேறு. அவர் இயற்பெயர் ராபர்ட் பூர்க், 1887இல் அவருக்கென்றே பாரன் பட்டம் கொடுத்தார்கள், 1902இல் மகன் இல்லாமல் இறந்ததும் அந்தப் பட்டம் முடிந்துபோனது. எழும்பூர் நூலகத்துக்கு இருப்பது அவர் பெயர்தான்.

சூத்திரம் எளிது. லார்டுக்குப் பிறகு முதற்பெயர் வந்தால் (லார்டு வில்லியம், லார்டு ராண்டால்ஃப்) அது மரியாதை, நேராகப் பட்டப்பெயர் வந்தால் பெரும்பாலும் பியர். 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம், டியூக்கின் மூத்த மகன் அப்பாவின் இரண்டாம் நிலைப் பட்டத்தை இரவல் வாங்கி வைத்துக்கொள்வார். டெவன்ஷயர் டியூக்கின் மூத்த மகனை மார்க்வெஸ் ஆஃப் ஹார்ட்டிங்டன் என்பார்கள். அந்த மூத்த மகனுக்கு ஒரு மூத்த மகன் இருந்தால் அவர் ஏர்ல் ஆஃப் பர்லிங்டன். உண்மையில் பட்டம் எல்லாமே தாத்தாவிடம்தான் இருக்கும்.

ஒரே ஆளுக்கு மூன்று நான்கு பெயர் வருகிறது. எந்தப் பெயரில் தேடுவது?

எல்லாப் பெயரிலும். பட்டம் வேறு, குடும்பப் பெயர் வேறு என்பதை மட்டும் மறக்காதீர்கள். டெவன்ஷயர் டியூக்கின் குடும்பப் பெயர் கேவண்டிஷ், வீடு டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த். டெவன்ஷயரில் போய்த் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அந்தமானில் 1872இல் கொல்லப்பட்ட வைஸ்ராய் மேயோவும் மேலே சொன்ன கன்னிமாராவும் உடன்பிறந்தவர்கள், பட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

குடும்பப் பெயரும் நிலையானது அல்ல. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை மெட்ராஸ் கவர்னர். அவர் மனைவி ஹென்றியெட்டா ஹெர்பர்ட், போவிஸ் ஏர்ல் வீட்டுப் பெண். அவருடைய சகோதரர் 1801இல் வாரிசில்லாமல் இறந்ததும் போவிஸ் பட்டம் அற்றுப்போனது. 1804இல் அதே பெயரில் புதிதாக ஒரு பட்டத்தை உண்டாக்கி மாப்பிள்ளையான கிளைவுக்குக் கொடுத்தார்கள். அவருடைய மகன் 1807இல், தாய்மாமன் சொத்துக்காக, கிளைவ் என்ற பெயரை விட்டு ஹெர்பர்ட் ஆனார். ஆக இன்றைய போவிஸ் ஏர்ல்கள் பெயரில் ஹெர்பர்ட், ஆண்வழியில் கிளைவ். இதைத் தெரியாமல் ஹெர்பர்ட் என்று தொடங்கி ஆண்வழியாகவே மேலே ஏறிப் போனால் வேறு குடும்பத்தின் வம்சாவளியை எழுதி முடிப்பீர்கள்.

பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் பெயர் கொடுத்தவரின் குடும்பப் பெயர் ஏன் அவ்வளவு நீளம்?

டெம்பிள்-நூஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில். 1875 முதல் 1880 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த 3ஆம் பக்கிங்ஹாம் அண்ட் சாண்டோஸ் டியூக்கின் குடும்பப் பெயர் இது. பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டிய பிறகு கால்வாய்க்கு அவர் பெயர் வந்தது.

பெயரைப் பின்னாலிருந்து படியுங்கள். ஆண்வழியில் இவர்கள் கிரென்வில்கள், பக்கிங்ஹாம்ஷயரில் வொட்டன் என்ற ஊரின் நிலக்காரர்கள். அதில் ஒருவர் ஹெஸ்டர் டெம்பிள் என்ற பெண்ணைக் கட்டினார். ஹெஸ்டரின் அண்ணன் 'கோபம்' (Cobham) என்ற விஸ்கவுண்ட் பட்டம் பெற்றவர், ஸ்டோ மாளிகையின் சொந்தக்காரர், பிள்ளை இல்லாமல் 1749இல் இறந்தார். மாளிகை தங்கைக்கு வந்தது, கூடவே டெம்பிள் என்ற பெயரும். அடுத்து ஹெஸ்டரின் பேரன் ஏர்ல் நூஜென்ட்டின் மகளைக் கட்டினார், நூஜென்ட் சேர்ந்தது. அவர் மகன் 1796இல் கடைசி சாண்டோஸ் டியூக்கின் ஒரே மகளான ஆன் பிரிட்ஜஸைக் கட்டினார், 1799இல் அரச அனுமதி வாங்கி பிரிட்ஜஸ்-சாண்டோஸ் என்றும் சேர்த்துக்கொண்டார், 1822இல் டியூக் ஆனார்.

கிரென்வில் தவிர பெயரில் இருக்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு பெண் வழியாக வீட்டுக்குள் வந்தது. இந்த மாதிரி கோடு போட்ட பெயரைப் பார்த்தால் எந்தெந்தக் குடும்பத்தில் ஆண் வாரிசு இல்லாமல் போய், சொத்து மகளோடு வந்தது என்பதன் பட்டியலைத்தான் பார்க்கிறீர்கள், தேட வேண்டிய குடும்பங்கள் எவை என்பது அதிலேயே இருக்கிறது. இவர்கள் அதில் ரொம்பப் பெருமைப்பட்டவர்கள். 719 கட்டங்கள் கொண்ட ஒரு குலச்சின்னப் பலகையே வரைய வைத்தார்கள்.

சொத்து வந்த வேகத்தில் போனது தனிக்கதை. 2ஆம் டியூக் பத்து லட்சம் பவுண்டைத் தாண்டிக் கடன் வைத்து, 1848இல் ஸ்டோ மாளிகைச் சாமான்கள் 40 நாள் ஏலம் போயின. சென்னைக்கு வந்தவர் அவருடைய மகன்.

அந்த 3ஆம் டியூக் இறந்தபோது பட்டமெல்லாம் யாருக்குப் போயின?

கொடிவழித் தேடலில் இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம். 1889இல் அவர் இறந்தபோது மூன்று மகள்கள் இருந்தார்கள், மகன் இல்லை. ஒரே ரயிலில் வந்தவர்கள் ஜங்ஷனில் இறங்கி ஆளுக்கொரு பக்கம் போவதுபோல் பட்டங்கள் பிரிந்தன.

டியூக் பட்டமும் மார்க்வெஸ் பட்டமும் ஆண்வழிக்கு மட்டுமே என்பதால் அன்றோடு அற்றுப்போயின. ஏர்ல் டெம்பிள் ஆஃப் ஸ்டோ என்ற பட்டம் 1822இல் கொடுக்கப்பட்டபோதே முதல் டியூக்கின் பேத்தி வழிக்கும் போகலாம் என்று எழுதியிருந்தார்கள், எனவே அது இவருடைய சகோதரி மகனான கோர்-லாங்டனுக்குப் போனது. கின்லாஸ் என்பது ஸ்காட்லாந்துப் பட்டம், பெண்ணுக்கும் போகும், மூத்த மகள் மேரி கின்லாஸ் சீமாட்டி ஆனார். கோபம் விஸ்கவுண்ட் பட்டம்தான் வேடிக்கை. 1718இல் அதைக் கொடுத்தபோது, எனக்குப் பிள்ளை இல்லையென்றால் தங்கை ஹெஸ்டரின் ஆண்வழி, அதுவும் முடிந்தால் தங்கை கிறிஸ்டியனின் ஆண்வழி என்று வரிசை போட்டிருந்தது. ஹெஸ்டர் வழி 1889இல் முடிந்தது, 171 வருஷம் கழித்து பட்டம் கிறிஸ்டியனின் வழிவந்த லிட்டல்டன் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பட்டம், பெயர், சொத்து, ரத்தம் நான்கும் தனித்தனியாக ஓடும். பட்டம் யாருக்குப் போகும் என்பது அதைக் கொடுத்த அரச ஆணையின் வாசகத்தில் இருக்கிறது, உறவுமுறையை மட்டும் வைத்து ஊகித்தால் தப்பாகத்தான் முடியும்.

சரி, எங்கே ஆரம்பிப்பது?

தெரிந்த ஆளிலிருந்து பின்னோக்கிப் போங்கள். வில்லியம் தி காங்கரரில் தொடங்கிக் கீழே இறங்கி வராதீர்கள், வழியில் விரும்பிய இடத்தில் ஒட்டவைத்துக்கொள்ளத் தோன்றும்.

பட்டம் வைத்திருந்தவர்களைப் பற்றி என்றால் முதலில் ஜி. ஈ. கோக்கெய்ன் தொடங்கிய 'தி கம்ப்ளீட் பியரேஜ்', அதுவும் 1910 முதல் 1959 வரை வந்த இரண்டாம் பதிப்பு. ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரம் காட்டும், அடிக்குறிப்புகளில் கிண்டலும் உண்டு. ஆனால் பட்டம் வகித்தவர், மனைவி, அடுத்த வாரிசு, அவ்வளவுதான் இருக்கும், இளைய பிள்ளைகளும் மகள்களும் கிடைக்க மாட்டார்கள். அவர்களுக்கு 1826 முதல் வரும் பர்க்கின் பியரேஜைப் பாருங்கள். டெப்ரெட் என்ற பிரபுக்கள் கையேடு அந்தந்தக் காலத்தில் உயிரோடு இருப்பவர்களைப் பார்க்க நல்லது. பட்டமில்லாத நிலக்காரக் குடும்பங்களுக்குப் பர்க்கின் 'லேண்டட் ஜென்ட்ரி'. பழைய பதிப்புகள் நிறைய இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாக இருக்கின்றன. ஒரே குடும்பத்தை நாலைந்து பதிப்பில் ஒப்பிட்டுப் பார்த்தால் எந்த முன்னோர் எப்போது காணாமல் போனார் என்பது தெரியும்.

பர்க்கில் போட்டிருந்தால் உண்மைதானே?

18ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு என்றால் பெரும்பாலும் நம்பலாம். அதற்கு முன்னால் போகப் போக எச்சரிக்கை தேவை. குடும்பத்தார் எழுதி அனுப்பியதையே பழைய பதிப்புகளில் அப்படியே அச்சடித்தார்கள். வரலாற்றாசிரியர் ஃப்ரீமன் 1877இல் இதைக் கடுமையாகச் சாடி எழுதினார். அப்புறம் ஜே. எச். ரவுண்ட் என்பவர் ஒவ்வொரு குடும்பமாக எடுத்து உரித்தார். இளவரசி டயானாவின் ஸ்பென்சர் குடும்பம் நடுக்கால டெஸ்பென்சர் பிரபுக்களின் வழி என்று 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் குலச்சின்ன அதிகாரி ஒருவர் கொடிவழி தயாரித்துக் கொடுத்திருந்தார். ரவுண்ட் அதை உடைத்தார். செம்மறி ஆடு வளர்த்துப் பணம் சேர்த்த வார்விக்ஷயர் குடும்பம் அது. என்னைக் கேட்டால் ஆட்டுக்காரர் கதைதான் கௌரவமானது.

அதைவிட மோசமான கதை சாண்டோஸ் பட்டத்துக்கு நடந்தது. கடைசி சாண்டோஸ் டியூக் 1789இல் இறந்ததும் அதே பிரிட்ஜஸ் பெயர் கொண்ட எஜெர்ட்டன் பிரிட்ஜஸ், அதற்குள் இருந்த பழைய பாரன் பட்டம் தன் அண்ணனுக்குச் சேர வேண்டும் என்று வழக்காடினார். தேவாலயப் பதிவேடுகளில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் கிளம்பியது, 1803இல் பிரபுக்கள் சபை கோரிக்கையைத் தள்ளியது. அவர் விடவில்லை. 1812இல் காலின்ஸின் பியரேஜ் என்ற பெரிய நூலைத் திருத்திப் பதிப்பிக்கும் வேலை அவர் கைக்கு வந்தது, அதில் தன் கட்சியையும் நுழைத்துவிட்டார். இன்றும் அந்த நூலை மேற்கோள் காட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

அச்சு நூல்களைத் தாண்டி மூல ஆவணங்கள் எவை?

இங்கிலாந்தில் 1837 ஜூலை 1 முதல் அரசுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு. பெயர்களோடு கூடிய மக்கள்தொகைக் கணக்கு 1841 முதல், 1921 வரை பார்க்கலாம். 1931 கணக்கு தீயில் போனது, 1941இல் எடுக்கவே இல்லை. அதற்கு முன்னால் பாரிஷ் பதிவேடுகள், அதாவது ஊர்த் தேவாலயப் பதிவேடுகள், 1538இல் தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவால் தொடங்கியவை. எல்லா ஊரிலும் அந்த வருஷத்திலிருந்தே மிஞ்சியிருக்காது.

பணக்காரக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவைவிட உயில் பேசும். 1858 ஜனவரி 12க்கு முந்தைய பெரிய மனிதர்களின் உயில்கள் பெரும்பாலும் கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில் பதிவானவை, 1384இலிருந்தே உண்டு, இப்போது லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மகளுக்கு எவ்வளவு, மருமகனுக்கு ஏன் ஒன்றும் இல்லை, வேலைக்காரிக்கு எந்த கவுன் என்று எல்லாம் அதில் வந்துவிடும். உயிலில் பெயர் இல்லாத மூத்த மகன் இறந்துவிட்டான் என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள், திருமண ஒப்பந்தத்திலேயே நிலமெல்லாம் அவன் பெயருக்குப் போயிருக்கும், உயிலில் சொல்ல எதுவும் மிச்சம் இருந்திருக்காது.

இன்னும் பின்னால் போனால், மன்னரிடம் நிலம் பெற்றவர் இறந்ததும் நடத்திய விசாரணை ஆவணங்கள், 13ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை. வாரிசு யார், வயது என்ன என்பது அதில் இருக்கும். அப்புறம் 1530 முதல் 1688 வரை குலச்சின்ன அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகப் போய் எழுதிய கொடிவழிகள். மூல ஏடுகள் லண்டனில் உள்ள காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸில், அச்சுப் பிரதிகள் 1869இல் தொடங்கிய ஹார்லியன் சொசைட்டி வெளியீடுகளில். அதில் அப்போது உயிரோடு இருந்தவர்கள், அவர்களின் தாத்தா வரை நம்புங்கள், அதற்கு மேலே இருப்பது வீட்டில் சொன்ன கதை.

தேதியை 1701/2 என்று போட்டிருக்கிறார்களே?

1752க்கு முன்பு இங்கிலாந்தில் புது வருஷம் மார்ச் 25இல் பிறந்தது. ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளுக்குப் பழைய கணக்கு, புதிய கணக்கு இரண்டையும் போடுவது வழக்கம். கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததுபோல் தெரிந்தால் யாரையும் சந்தேகப்படும் முன் இதைச் சரிபாருங்கள். ஸ்காட்லாந்து மட்டும் 1600லேயே ஜனவரி 1க்கு மாறிவிட்டது.

ஸ்காட்லாந்து, அயர்லாந்துக்கும் இதே முறைதானா?

ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855இல்தான் தொடங்குகிறது, ஆனால் சான்றிதழ்களில் விவரம் அதிகம். குலச்சின்ன விஷயங்களுக்கு லார்டு லயன் என்ற தனி அதிகாரி. அயர்லாந்து மனசைச் சோர்வடைய வைக்கும். உள்நாட்டுப் போரின்போது 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது, நூற்றாண்டுக் கணக்கான ஆவணங்கள் சாம்பலாயின. எரிவதற்கு முன் ஆய்வாளர்கள் எடுத்த நகல்களையும் குறிப்புகளையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

மகள்களுக்குப் பட்டமே வராதா?

வரும், சில வகைகளில். பழைய ஆங்கில பாரன் பட்டங்கள் சிலவற்றை மகள்கள் பெறலாம், ஆனால் சிக்கல் என்னவென்றால் அங்கே மூத்தவள் இளையவள் பேதம் கிடையாது. இரண்டு மகள்கள் இருந்தால் இருவருக்கும் சம உரிமை, ஆகவே ஒருவருக்கும் பட்டம் இல்லை, யாராவது ஒருவருக்கு மன்னர் ஒதுக்கும் வரை அது தொங்கிக்கொண்டிருக்கும். கேமோய்ஸ் பாரன் பட்டம் 1426இலிருந்து 1839 வரை அப்படித் தொங்கியது. உரிமை கேட்டு வந்தவர்கள் பிரபுக்கள் சபையில் கொடுத்த சாட்சியங்கள் அச்சிலேயே உண்டு, பெண்வழி தேடுகிறவர்களுக்கு அவை புதையல்.

டி.என்.ஏ. பரிசோதனை உதவுமா?

உதவும், சில சமயம் வேண்டாத உண்மையையும் சொல்லும். 2012இல் லெஸ்டரில் கிடைத்த எலும்புக்கூடு மூன்றாம் ரிச்சர்ட் மன்னருடையது என்பதற்குத் தாய்வழி டி.என்.ஏ. பொருந்தியது. ஆண்வழியைச் சோதிக்க, ரிச்சர்டைப் போலவே மூன்றாம் எட்வர்ட் மன்னரின் ஆண்வழி என்று காகிதத்தில் இருக்கும் 5ஆம் போஃபர்ட் டியூக்கின் வழிவந்த, அப்போது உயிரோடு இருந்த ஐந்து பேரிடம் மாதிரி எடுத்தார்கள். ஒருவருடையதும் ரிச்சர்டோடு பொருந்தவில்லை. அந்த ஐவருக்குள்ளேயே ஒருவர் மற்ற நால்வரோடு பொருந்தவில்லை. எங்கோ ஒரு தலைமுறையில், காகிதத்தில் அப்பா என்று இருப்பவர் அப்பா அல்ல.

2016இல் ஸ்டிச்சில் (Stichill) என்ற ஊரின் பிரிங்கிள் குடும்பத்துப் பாரனெட் பட்டத்துக்கான வழக்கில் பிரிவி கவுன்சில் டி.என்.ஏ. ஆதாரத்தை ஏற்றுக்கொண்டு, பட்டம் வேறு கிளைக்குச் சேரும் என்று சொன்னது. உறவினர்களிடம் மாதிரி கேட்கும்போது இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

மெட்ராஸில் வாழ்ந்த ஒருவரிலிருந்து தேடலைத் தொடங்க முடியுமா?

தாராளமாக. கோட்டைக்குள் உள்ள புனித மேரி தேவாலயம் 1680இல் திறக்கப்பட்டது, பதிவேடுகளும் அப்போதிலிருந்தே தொடங்குகின்றன. எலிஹு யேல் கல்யாணமும் ராபர்ட் கிளைவ் கல்யாணமும் அங்கேதான் நடந்தன. மெட்ராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பில் என்/2 என்ற எண்ணில் உள்ளன. 'ஃபேமிலீஸ் இன் பிரிட்டிஷ் இந்தியா சொசைட்டி'யின் தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். பிரபு வீட்டு இளைய மகன்கள் நிறையப் பேர் கம்பெனி உத்தியோகத்துக்கு வந்தார்கள். இங்கே இந்தியப் பெண்களிடம் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் ஞானஸ்நானப் பதிவில் இருப்பார்கள், சில உயில்களிலும் இருப்பார்கள், பர்க்கில் தேடினால் கிடைப்பது அரிது.

குடும்பப் பெயருக்குக் குலச்சின்னம் விற்கிறார்களே, வாங்கலாமா?

சுவரில் மாட்ட அழகாக இருந்தால் வாங்குங்கள். இங்கிலாந்தில் குலச்சின்னம் தனிமனிதருக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் உரியது, 'ஸ்மித் குடும்பச் சின்னம்' என்று ஒன்று கிடையாது. ஒரு சதுர அடி ஸ்காட்லாந்து நிலம் வாங்கினால் லார்டு ஆகலாம் என்ற விளம்பரமும் இதே ரகம்.

சாதாரணக் குடும்பத்துக்கு ராஜ வம்சத் தொடர்பு இருக்க முடியுமா?

முடியும், நிறையப் பேருக்கு இருக்கும், நிரூபிப்பதுதான் கஷ்டம். தொலைக்காட்சி நடிகர் டேனி டயர் லண்டன் ஈஸ்ட் எண்ட் குடும்பம், 2016இல் பி.பி.சி. நிகழ்ச்சியில் அவர் மூன்றாம் எட்வர்ட் மன்னரின் வழி என்று காட்டினார்கள். வழி எப்போதும் ஒன்றுதான்: பட்டமில்லாத நிலக்காரக் குடும்பம் ஒன்றின் இளைய மகளோ மகனோ உங்கள் மரத்தில் அகப்பட வேண்டும். அந்த ஒருவரைப் பிடித்துவிட்டால் மேலே உள்ளதை மற்றவர்கள் ஏற்கெனவே ஆராய்ந்து வைத்திருப்பார்கள்.

குடும்பத்தின் சொந்தக் காகிதங்கள் எங்கே கிடைக்கும்?

நிலம் எங்கே இருந்ததோ அந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தில் முதலில் பாருங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டிஸ்கவரி' பட்டியலில் தேடினால் மற்ற காப்பகங்களில் இருப்பதும் வரும். சில குடும்பங்கள் இன்னும் வீட்டிலேயே வைத்திருக்கின்றன, கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். கடனில் விழுந்த குடும்பம் என்றால் ஏலத்தைப் பின்தொடருங்கள். ஸ்டோ மாளிகை 1923இலிருந்து பள்ளிக்கூடம். அங்கிருந்த கையெழுத்துச் சுவடிகளில் பெரும்பகுதி கைமாறி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கிரென்வில், டெம்பிள், பிரிட்ஜஸ் குடும்பங்களின் கணக்கு வழக்கும் கடிதங்களும் கலிஃபோர்னியாவில் சான் மரினோ ஊரிலுள்ள ஹன்டிங்டன் நூலகத்துக்குப் போய்விட்டன, பக்கிங்ஹாம் டியூக்குகளைத் தேடுகிறவர்கள் அங்கேதான் எழுதிக் கேட்க வேண்டும்.